வாசகர் கேள்வி – பதில்: இசைத்தட்டு உறைகள் தேயாமலும் கிழியாமலும் இருக்க

பழைய எல்.பி. (நெடுநேரம் ஓடும் பெரிய தட்டு), இ.பி. (7 அங்குலச் சிறிய தட்டு) இசைத்தட்டுகளின் அட்டை உறைகள் கெட்டுப்போவது பற்றிப் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த இதழின் கேள்வி – பதில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் தந்தையார் சேர்த்துவைத்த எல்.பி. தட்டுகள் நூற்றுக்கும் மேல் எங்கள் வீட்டு பீரோவில் இருக்கின்றன. யாரும் அவற்றை அதிகம் எடுப்பதில்லை. ஆனாலும் பல உறைகளின் முன்பக்கப் படத்தின் மேல் வட்டமாக வெள்ளைத் தடம் விழுந்திருக்கிறது. கையே படாத உறை எப்படித் தேய்கிறது?
– வாசகி, காரைக்குடி

பதில்: உறையைத் தேய்ப்பது அதன் உள்ளே இருக்கும் தட்டுதான். எல்.பி. தட்டின் வெளி விளிம்பும், நடுவில் லேபிள் ஒட்டிய பகுதியும், பாட்டு பதிந்திருக்கும் பகுதியைவிடச் சற்றுத் தடிமனாக இருக்கும்படி செய்யப்படுவது வழக்கம். ஒரு தட்டின் மேல் இன்னொரு தட்டு படிந்தாலும் பாட்டு பதிந்த வரிகள் உரசாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. அந்த மேடான விளிம்பு மெல்லிய அட்டையை உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. பக்கத்து உறை அதே இடத்தில் அழுத்தி நிற்கும்போது, ஒவ்வொரு சிறு அசைவிலும் அந்த வட்டத்தின் மேல் இருக்கும் மை மட்டும் தேய்ந்து, அடியிலுள்ள வெள்ளை அட்டை வெளியே தெரிகிறது. ஒரு உறையை ஜன்னலோரம் கொண்டுபோய், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். இன்னும் கெடாதவை என்று நீங்கள் நினைக்கும் உறைகளிலும் வட்டமாக ஒரு மெல்லிய மேடு தெரியும். அதன் உச்சியில் பளபளப்பு மங்கியிருக்கும். இனி வெள்ளைத் தடம் விழப்போகும் இடம் அது.

தட்டுகள் பீரோவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கின்றனவா, நிமிர்ந்து நிற்கின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. படுத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். உறையோடு சேர்த்து நூறு எல்.பி. தட்டுகள் ஏறக்குறைய 20 முதல் 25 கிலோ வரை எடை வரும். அடுக்கின் அடியில் இருக்கும் உறை அத்தனை எடையையும் ஆண்டுக்கணக்கில் தாங்குகிறது. புத்தகத்தைப் போலத் தட்டுகள் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் தட்டு வளைவதோடு, உறையின் கீழ் ஓரமும் ஒரு பக்கமாக மடங்கிப்போகும். அதற்காக இறுக்கி நெருக்கியும் வைக்கக் கூடாது. இரண்டு உறைகளுக்கு நடுவே விரல்கள் தாராளமாக நுழைய வேண்டும். ஓர் உறையை வெளியே இழுக்கும்போது பக்கத்து உறையும் கூடவே வருகிறது என்றால் அந்த வரிசை இறுகிவிட்டது என்று பொருள். 10 முதல் 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, உறையின் முழு உயரத்துக்கும் உறுதியான தடுப்புப் பலகை வைத்தால், நாலைந்து தட்டுகளை எடுத்த பிறகும் மற்றவை சாயாது. எல்.பி. வரிசைக்கு நடுவே 7 அங்குல இ.பி. தட்டுகளைச் செருகி வைப்பதையும் தவிர்க்க வேண்டும். சிறிய தட்டின் வட்டம் இரண்டு பக்கத்துப் பெரிய உறைகளிலும் அச்சாகப் பதிந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பலன் தருவது, தட்டை உறையிலிருந்து வெளியே எடுத்துவிடுவது. புதிய உள்ளுறை ஒன்றில் தட்டை இடுங்கள். பழைய உள்ளுறையில் பாடல் வரிகளோ விளம்பரமோ அச்சாகியிருந்தால், அதை வெறுமையாகவே அட்டை உறைக்குள் விட்டுவிடுங்கள். பிறகு அட்டை உறையையும், அதன் பின்னால் உள்ளுறையோடு கூடிய தட்டையும் ஒரே பாலித்தீன் மேலுறைக்குள் நிறுத்துங்கள். விளிம்பு இனி அட்டையை உள்ளிருந்து தள்ளாது, ஓரங்களும் பிளக்காது. பின்னட்டையில் தட்டின் அழுத்தம் சிறிது படக்கூடும் என்பதால், அருமையான உறைகளுக்கும் தட்டுக்கும் இடையில் அமிலமற்ற ஒரு வெள்ளை அட்டையைச் செருகிவைப்பது நல்லது.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று வீட்டில் யாராவது கேட்டால், பின்னட்டையைக் காட்டுங்கள். தட்டுகளுக்குப் படம் போட்ட உறை வேண்டும் என்று அமெரிக்காவின் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் வடிவமைப்பாளர் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் 1940-இல் தொடங்கிவைப்பதற்கு முன், பெரும்பாலான தட்டுகள் வெற்றுக் காகிதத்திலும் சாதாரண அட்டையிலும்தான் விற்கப்பட்டன. 1948-இல் எல்.பி. வந்தபிறகு உறை ஒரு சிறு சுவரொட்டி அளவுக்கு வளர்ந்தது. நம் திரைப்படத் தட்டுகளில் பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்களெல்லாம் அந்தப் பின்னட்டையில்தான் பாட்டுவாரியாக அச்சாகியிருக்கின்றன. பாட்டு இன்று எங்கும் கிடைக்கும். அந்த விவரம் அப்படிக் கிடைப்பதில்லை.

கேள்வி: துணிக்கடையில் சட்டை போட்டுத் தரும் பிளாஸ்டிக் உறையைப் போன்ற ஒன்றைத் தட்டுகளுக்குப் போடலாமா? கடையில் தடித்த, கண்ணாடி போன்ற உறை ஒன்றும் கிடைக்கிறது. எது நல்லது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தடித்து, தொட்டால் லேசாக ஒட்டுவதுபோல் இருந்து, புதிய மழைக்கோட்டின் வாசனை அடித்தால் அது பி.வி.சி. ஆக இருக்கக்கூடும், வாங்காதீர்கள். பி.வி.சி. உறையை வளையச்செய்யக் கலக்கும் எண்ணெய் போன்ற பொருள் நாளடைவில் வெளியே கசியும். அது அட்டையின் மையோடு ஒட்டிக்கொள்ளும். தட்டின் மேல் பட்டால் துடைத்தாலும் போகாத மங்கலான படலத்தை உண்டாக்கும். தட்டும் உறையும் ஒரே நேரத்தில் கெடும் வழி இது.

சட்டை உறைகள் பெரும்பாலும் பாலிப்ராப்பிலீன். கசக்கினால் மொறமொறவென்று சத்தம் கேட்கும், படம் தெளிவாகத் தெரியும். பொருளில் குற்றமில்லை, ஆனால் மிக மெல்லியவை சீக்கிரம் ஓரத்தில் கிழிந்துவிடும். பாலித்தீன் சற்று மங்கலாக, மென்மையாக இருக்கும். இரண்டில் எதுவானாலும் 75 மைக்ரான் அளவுக்குத் தடிமன் உள்ளதாகவும், பக்கத்துக்கு 32 சென்டிமீட்டருக்குக் குறையாததாகவும் தேர்ந்தெடுங்கள். எல்.பி. உறையே ஏறக்குறைய 31.5 சென்டிமீட்டர் இருப்பதால், அளவு சரியாகப் பிடிக்கும் மேலுறையில் திணித்தால் மூலைகள் மடங்கும். மேலுறையின் வாயைப் பசை போட்டு மூட வேண்டாம். காற்றுப் போக வழி இருக்கட்டும். ஒட்டும் பட்டை கொண்ட உறையென்றால், தட்டை எடுக்கும்போது அந்தப் பசை அட்டையின் முகத்தில் ஒட்டிப் படத்தை உரித்துவிடும் ஆபத்தும் உண்டு.

கேள்வி: கடற்கரையிலிருந்து சற்றுத் தொலைவில் குடியிருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழை முடிந்து பார்த்தால் உறைகளில் சாம்பல் நிறப் புள்ளிகளும் ஊறல் வாடையும் இருக்கின்றன. வெயிலில் காயவைக்கலாமா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: தட்டோடு சேர்த்து வெயிலில் வைக்கவே கூடாது. தட்டு செய்யப்படும் வைனில் சூட்டில் இளகும் பொருள். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் சிறிது நேரம் கிடந்தாலே தட்டு அலையலையாக நெளிந்துபோவதுண்டு. வெற்று உறையை மட்டும் காயவைத்தாலும் நிறம் வெளுக்கும். ஈரம் ஒரே பக்கத்தில் வேகமாகக் காய்வதால் அட்டை சுருண்டுகொள்ளும்.

நீங்கள் பார்த்த புள்ளிகள் பூஞ்சை. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நிற்கும்போது அட்டையிலும் ஒட்டிய பசையிலும் அது வளரத் தொடங்கும். நம் கடலோர ஊர்களில் மழைக்காலம் முழுவதும் அந்த அளவைத் தாண்டித்தான் இருக்கும். முதலில் தட்டை வெளியே எடுத்துவிட்டு, உறையின் வாயைச் சற்றே விரித்து, உள்ளே வெள்ளைத்தாள் ஒன்றைச் செருகி, நிழலில் மின்விசிறிக் காற்றுப் படும்படி நிறுத்துங்கள். தாளை அவ்வப்போது மாற்றுங்கள். உறை நன்றாகக் காய்ந்த பிறகு, முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே வைத்து, மென்மையான உலர்ந்த தூரிகையால் ஒரே திசையில் பூஞ்சையைத் தட்டிவிடுங்கள். ஈரத்துணி வேண்டாம். ஈரத்துணியால் துடைத்தால் பூஞ்சை அட்டையின் நாருக்குள் போய்க் கறையாக நிலைத்துவிடும், பளபளப்பு இல்லாத உறைகளில் மையும் கூடவே வந்துவிடும்.

மறுபடி வராமலிருக்க, இருக்கும் இடத்தைத்தான் மாற்ற வேண்டும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும், குளியலறைக்குப் பின்சுவரும், கோடையில் சூடேறி மழையில் ஒழுகும் பரணும் தட்டுகளுக்கு ஏற்ற இடங்கள் அல்ல. உட்சுவர் ஓரமாக, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, அடித்தட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும்படி அலமாரியை நிறுத்துங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் திறந்த அலமாரியில் வைப்பது வீண்செலவு. மூடிய பெட்டிக்குள்தான் அவை வேலை செய்யும், அங்கும் நிறம் மாறியதும் சூடேற்றி உலர்த்திப் பயன்படுத்த வேண்டும். அறையில் ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்றை வாங்கி மாட்டுங்கள். 40 முதல் 50 சதவீதம் இருந்தால் உறைகளுக்கு நல்லது. அவ்வளவு குறைக்க இயலாத வீட்டில் 60-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டாலே பூஞ்சைக்கு இடமிராது.

கேள்வி: ராமபாணப் பூச்சி உறைகளின் ஓரத்தை அரித்திருக்கிறது. பாச்சை உருண்டை போடலாமா, அல்லது ஏட்டுச்சுவடிக்கு வைப்பதுபோல் வசம்பும் வேப்பிலையும் வைக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: பாச்சை உருண்டை வேண்டாம். நாப்தலீன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்குகளை இளக்கும், வாடையும் அட்டையை விட்டு எளிதில் போகாது. வசம்பைத் துணியில் முடிந்து அலமாரியின் மூலையில் வைக்கலாம். வேப்பிலையை உறைக்குள் போட்டால் கறை படியும். ராமபாணம் தேடி வருவது பசையையும் ஈரத்தையும்தான், ஆகவே மேலே சொன்ன ஈர அளவைக் குறைப்பதே அதற்கும் மருந்து. மாதம் ஒருமுறை தட்டுகளை வெளியே எடுத்து அலமாரியைத் துடையுங்கள். மர அலமாரியில் மண் கோடு தென்பட்டால் கரையான் வந்துவிட்டது. அன்றே தட்டுகளை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: உறையின் கீழ் ஓரம் பிளந்து தட்டு வெளியே வருகிறது. செல்லோடேப் ஒட்டியிருக்கிறேன். சரிதானா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: செல்லோடேப்பின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி, எண்ணெய்போல் அட்டைக்குள் இறங்கிவிடும், பிறகு பட்டை தானே உதிர்ந்தாலும் கறை மட்டும் நிற்கும். ஒட்டிய பட்டை படத்தின் மேல் இருந்தால் இப்போது பிய்க்க முயலாதீர்கள், மையோடு சேர்ந்து வந்துவிடும். இனிப் பிளக்கும் உறைகளுக்கு வேறு வழி இருக்கிறது. ஜப்பானியக் காகிதம் என்று ஓவியப் பொருள் கடைகளில் கிடைக்கும் மெல்லிய, உறுதியான தாளை விரல் அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். கத்தரியால் வெட்டாமல் கிழித்தால் ஓரத்து நார்கள் அட்டையோடு படிந்துகொள்ளும். மீத்தைல் செல்லுலோஸ் பசையை மெலிதாகத் தடவி, அந்தப் பட்டையை உறையின் உட்பக்கமாகப் பிளவின் மேல் ஒட்டி, உறையின் இரண்டு பக்கங்களும் ஒட்டிக்கொள்ளாதபடி உள்ளே பட்டர் பேப்பர் செருகி, மேலே கனமான புத்தகங்களை வைத்து ஒரு நாள் விட்டுவிடுங்கள். மைதாப் பசையும் ஒட்டும், ஆனால் நம் ஊரில் அது பூச்சிக்கு விருந்து.

பிளவுக்குக் காரணம் பெரும்பாலும், உறையை நிமிர்த்திப் பிடித்துத் தட்டை உள்ளே நழுவவிடுவதுதான். தட்டு கீழ் ஓரத்தில் போய் இடிக்கிறது. உறையைப் படுக்கைவசமாகப் பிடித்து, அதன் வாயைச் சற்றே விரித்து, தட்டைக் கையோடு இறுதிவரை கொண்டுபோய் வைக்கப் பழகுங்கள்.

கேள்வி: எங்களிடம் இருப்பவை நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய அரக்குத் தட்டுகள். கடைப்பெயர் அச்சிட்ட பழுப்புக் காகித உறைகள் தொட்டாலே பொடிகின்றன.
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: அந்தக் காகிதத்தில் அமிலம் அதிகம்; அது தானே நொறுங்கும். தட்டுகளைப் புதிய கெட்டித்தாள் உறைகளுக்கு மாற்றிவிடுங்கள். பழைய உறைகளை எறியாமல், விரித்த நிலையில், அமிலமற்ற தாள்களுக்கு இடையில் வைத்துத் தட்டையான கோப்பில் சேமியுங்கள். எந்தக் கடை எந்த ஊரில் தட்டு விற்றது என்பதற்கு அந்த உறைகள்தாம் சாட்சி. எந்த உறையில் எந்தத் தட்டு இருந்தது என்பதைப் பென்சிலால் தனித்தாளில் குறித்துவைக்க மறக்க வேண்டாம்.

கேள்வி: ஒரு உறையின் மேல் என் பாட்டனார் மசிப்பேனாவால் தம் பெயரும் வாங்கிய தேதியும் எழுதியிருக்கிறார். விற்பனைக்காக அதை அழிக்க முடியுமா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: அழிக்க முயன்றால் அட்டையின் மேற்பரப்பு போகும், எழுத்து முழுதாகப் போகாது. விற்பதானாலும் அப்படியே விற்கலாம். தட்டு எந்த ஆண்டு, யார் வீட்டில் ஒலித்தது என்று சொல்லும் குறிப்பை மதிக்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், என் கருத்தில் அவர்களிடம் விற்பதுதான் நல்லது.

கேள்வி: சென்னையிலிருந்து கூரியரில் வரவழைக்கும் தட்டுகளில் பாதிக்கு உறையின் ஓரம் கிழிந்தே வருகிறது. அனுப்புகிறவரிடம் என்ன சொல்ல வேண்டும்?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: தட்டை உறைக்குள் வைத்து அனுப்ப வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள். பெட்டி ஒருமுறை கீழே விழுந்தால் போதும், உள்ளிருக்கும் தட்டு கத்திபோல் ஓரத்தைப் பிளந்துவிடும். உள்ளுறையோடு தட்டு தனியாகவும், வெற்று உறை அதன் பக்கத்திலும் இருக்கட்டும். இரண்டையும் சேர்த்து ஒரு பாலித்தீன் உறையில் போட்டு, முன்னும் பின்னும் நெளி அட்டைத் துண்டுகள் வைக்கச் சொல்லுங்கள். அந்தத் துண்டுகள் உறையைவிட எல்லாப் பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் பெரியதாக இருக்க வேண்டும். ஒன்றின் நெளிவரிகள் குறுக்காகவும் மற்றதன் நெளிவரிகள் நெடுக்காகவும் இருந்தால் எந்தப் பக்கமும் எளிதில் மடங்காது. உள்ளே ஆடாதபடி காலியிடத்தைத் தாளால் நிரப்பச் சொல்லுங்கள். பார்சல் வந்ததும் உடனே பிரிக்காமல், அறையின் சூட்டுக்குப் பெட்டி வரும்வரை சில மணி நேரம் மூடியபடியே வைத்திருந்து பிறகு திறந்தால், உறையின் மேல் நீர் படியாது.