எட்டாம் ஹென்றியின் செம்பு மூக்கு: வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில் எட்டாம் ஹென்றி, அவர் மகள் முதலாம் எலிசபெத் போன்ற இங்கிலாந்தின் ட்யூடர் வம்ச மன்னர்களைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தோம். வந்து குவிந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான். அதனால் இந்த முறை சினிமாவுக்கும் அரசியலுக்கும் விடுமுறை.

கே: எட்டாம் ஹென்றி தன் ஆறு மனைவிகளின் தலையையும் வெட்டினார் என்று நண்பன் சாதிக்கிறான். உண்மையா? (திருநெல்வேலி)

இரண்டு தலைதான். 1536இல் ஆன் போலின், 1542இல் கேத்தரின் ஹோவர்ட். முதல் மனைவி அரகான் கேத்தரினையும் நாலாவது மனைவி கிளீவ்ஸ் ஆனையும் 'இந்தத் திருமணமே செல்லாது' என்று சொல்லி விலக்கி வைத்தார். மூன்றாவது மனைவி ஜேன் சீமோர் பிள்ளை பெற்ற பன்னிரண்டாம் நாள் இறந்துபோனார், ஆறாவது கேத்தரின் பார் மட்டும் ஹென்றி போன பிறகும் ராணியாக மிஞ்சினார். இவர்களில் கெட்டிக்காரி என்றால் கிளீவ்ஸ் ஆன்தான். மறுபேச்சு பேசாமல் சம்மதித்து, மாளிகைகளையும் வருமானத்தையும் வாங்கிக்கொண்டு, 'மன்னரின் அன்புச் சகோதரி' என்ற அந்தஸ்தோடு 1557 வரை இங்கிலாந்திலேயே வாழ்ந்தார்.

கே: ராஜா யாரைக் கட்டினால் என்ன, யாரை வெட்டினால் என்ன? வயலில் வேலை செய்தவனுக்கு அதனால் ஏதாவது மாறியதா? (சேலம்)

நல்ல கேள்வி, நிறையவே மாறியது. அரகான் கேத்தரினை விலக்க போப் அனுமதி தரவில்லை என்றதும் ஹென்றி திருச்சபைக்குத் தானே தலைவர் ஆகிவிட்டார், அப்புறம் 1536இலிருந்து 1540க்குள் நாட்டில் இருந்த ஏறத்தாழ 800 மடங்களை மூடி நிலத்தையும் வெள்ளியையும் எடுத்துக்கொண்டார். பாவப்பட்ட ஜனங்களுக்கு அந்த மடங்கள்தான் அன்னசத்திரம், வழிப்போக்கனுக்குப் படுக்க இடம், நோயாளிக்கு மருந்து. இதை எதிர்த்து வடக்கே யார்க்‌ஷயரில் மக்கள் பெருந்திரளாகக் கிளம்பினார்கள். தலைமை தாங்கிய வழக்கறிஞர் ராபர்ட் ஆஸ்க்கை மன்னர் முதலில் அழைத்து நல்லபடியாகப் பேசி அனுப்பிவிட்டு, 1537இல் யார்க் நகரில் தூக்கில் தொங்கவிட்டார்.

அடுத்தது காசு. பிரான்சோடும் ஸ்காட்லாந்தோடும் போர், கஜானா காலி. 1544 முதல் வெள்ளி நாணயத்தில் செம்பைக் கலந்துகொண்டே போனார்கள், ஹென்றி இறப்பதற்குள் நாணயத்தில் வெள்ளி மூன்றில் ஒரு பங்கு என்ற நிலை வந்துவிட்டது. நாணயத்தில் மன்னரின் முகம் நேராகப் பார்க்கிற மாதிரி இருக்கும், மூக்கு துருத்திக்கொண்டிருக்கும். கை மாறிக் கை மாறித் தேயும்போது முதலில் மூக்கு மேல் இருந்த வெள்ளிப் பூச்சு போய்ச் செம்பு தெரிய, ஜனங்கள் அவருக்கு 'கிழட்டுச் செம்பு மூக்கன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சிரிப்பாக இருக்கிறது, ஆனால் விலைவாசி ஏறிய வேகத்துக்குக் கூலி ஏறவில்லை. அந்தக் கெட்ட காசையெல்லாம் திரும்பப் பெற்று நல்ல காசு அடித்தது மகள் எலிசபெத்தான், 1560-61இல்.

அதற்காக எலிசபெத் சும்மா இருந்தார் என்று நினைக்க வேண்டாம். வெள்ளி, சனி இரண்டு நாளும் கறி கூடாது, மீன்தான் என்பது ஏற்கெனவே இருந்த வழக்கம். 1563இல் புதன்கிழமையையும் சேர்த்தார்கள். பக்திக்காக இல்லை, சட்டத்திலேயே அதைச் சொல்லிவிட்டார்கள். மீனவர் பெருகினால்தான் கடற்படைக்கு ஆள் கிடைக்கும் என்பது அமைச்சர் வில்லியம் செசிலின் கணக்கு. 1571இல் வந்த சட்டம் இன்னும் வேடிக்கை. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் இங்கிலாந்தில் பின்னிய கம்பளித் தொப்பி போட வேண்டும், இல்லாவிட்டால் நாளுக்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம், அதாவது ஒரு கூலியாளுக்குக் கிட்டத்தட்ட ஒரு வாரச் சம்பளம். பிரபுக்களுக்கும் வசதியான பெண்களுக்கும் விலக்கு உண்டு, சொல்லவே வேண்டாம். தொப்பி பின்னுகிறவர்கள் பிழைக்க வேண்டும் என்று கொண்டுவந்த சட்டம், யாரும் பெரிதாக மதிக்காமல் 1597இல் ரத்தானது.

கே: அந்தக் காலத்தில் என்ன சாப்பிட்டார்கள்? தண்ணீரே குடிக்க மாட்டார்களாமே? (தஞ்சாவூர்)

ஏழை வீட்டில் தினமும் அடுப்பில் கிடந்தது 'பாட்டேஜ்', நம் கஞ்சி மாதிரிதான்: ஓட்ஸ் அல்லது பார்லி, பட்டாணி, முட்டைக்கோஸ், வெங்காயம், கிடைத்தால் ஒரு துண்டு பன்றிக்கொழுப்பு. கூடவே 'ரை' என்ற தானியத்தில் சுட்ட கறுத்த ரொட்டி. வெள்ளை ரொட்டி பணக்காரர்களுக்கு. உருளைக்கிழங்கும் தக்காளியும் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்துவிட்டன என்றாலும் சாதாரண ஆங்கிலேயர் தட்டுக்கு இன்னும் வரவில்லை. முள்கரண்டி கிடையாது, கத்தி, கரண்டி, அப்புறம் கை.

தண்ணீர் குடிக்கவே மாட்டார்கள் என்பது மிகைப்படுத்திய கதை. லண்டனில் சீப்சைடுக்கு ஊற்றுத் தண்ணீரைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள், அதைத் தூக்கிக்கொண்டு போய் வீடு வீடாக விற்கிறவர்களும் இருந்தார்கள். குடிக்காத தண்ணீருக்கு யார் காசு கொடுப்பார்கள்? ஆனால் 'ஏல்' என்ற, முளைகட்டிய தானியத்தில் காய்ச்சிய லேசான பீரைச் சின்னப் பிள்ளைகள் உட்பட எல்லோரும் குடித்தார்கள் என்பது நிஜம், வேலைக்குப் போகிறவனுக்கு அது பாதி சாப்பாடு.

கே: அரண்மனையில் கழிப்பறை உண்டா? மன்னர் குளிப்பாரா? (புதுச்சேரி)

ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் ஊழியர்களுக்காக ஒரே நேரத்தில் 28 பேர் உட்காரக்கூடிய பொதுக் கழிப்பிடம் இருந்தது, இடையில் தடுப்பு எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். மன்னருக்கு வெல்வெட் போர்த்திய பெட்டி நாற்காலி. அந்த நேரத்தில் கூட நிற்பதற்கென்று ஒரு பதவியே உண்டு. கேவலமான வேலை என்று நினைத்துவிட வேண்டாம், மன்னரோடு தனியாகப் பேசும் வாய்ப்பு வேறு யாருக்கு உண்டு? கைச்செலவுப் பணமும் பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கும், அதனால் பெரிய பெரிய பிரபுக்களே அவரைக் காக்கா பிடிப்பார்கள். நெருக்கம் ஆபத்தும்கூட. அந்தப் பதவியில் இருந்த ஹென்றி நோரிஸை ஆன் போலினோடு கள்ள உறவு என்று குற்றம்சாட்டி, ராணிக்கு இரண்டு நாள் முன்னால் வெட்டினார்கள்.

எலிசபெத்தின் ஞானமகன் ஜான் ஹாரிங்டன் தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறையை வடிவமைத்து 1596இல் புத்தகமே போட்டார். ராணிக்கும் ஒன்று செய்து கொடுத்தார். ஊருக்கு அது வந்து சேர இன்னும் இருநூறு வருஷம் ஆனது.

குளியல்: ஹென்றிக்கு வெந்நீர் வசதியோடு குளியலறை இருந்தது. மற்றவர்கள் கை, முகம் கழுவி, உள்ளே போடும் லினன் சட்டையை மாற்றுவார்கள். சட்டை அழுக்கை இழுத்துவிடும் என்பது நம்பிக்கை.

கே: அங்கேயும் பால்ய விவாகம் இருந்ததா? (கோவை)

பெரிய இடத்தில் இருந்தது. எட்டாம் ஹென்றியின் அப்பா ஏழாம் ஹென்றியைப் பெற்றபோது, அந்த ஏழாம் ஹென்றியின் தாய் மார்கரெட் போஃபோர்ட்டுக்கு வயது 13. சாதாரணக் குடும்பங்களில் நேர் எதிர். பெண்ணும் பையனும் வீட்டு வேலை, பண்ணை வேலை செய்து காசு சேர்த்துத் தனிக் குடித்தனம் போக முடிந்த பிறகுதான் கல்யாணம், பெரும்பாலும் இருபத்தைந்து வயதை ஒட்டி. 1538 முதல் ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் பதிய வேண்டும் என்று ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவு போட்டார், அந்தப் பதிவேடுகளிலிருந்து கிடைத்த தகவல் இது.

கே: முதலாம் எலிசபெத்துக்குப் பல்லெல்லாம் கறுப்பாமே? (சென்னை)

ஆமாம், சர்க்கரை படுத்திய பாடு. 1598இல் ராணியை நேரில் பார்த்த ஜெர்மன் பயணி பால் ஹென்ட்ஸ்னர், பல் கறுத்திருந்ததையும் ஆங்கிலேயர் சர்க்கரையை அளவுக்கு மீறித் தின்பதையும் எழுதி வைத்திருக்கிறார். சர்க்கரை அப்போது விலை உயர்ந்த சரக்கு, ஆகவே சொத்தைப் பல் முதலில் மாளிகைக்குத்தான் வந்தது. ஒரு தடவை பல்வலியில் துடித்தும் பிடுங்க ராணி பயந்தபோது, லண்டன் பிஷப் ஜான் ஐல்மர் 'வலிக்காது, பாருங்கள்' என்று தன் பல் ஒன்றை அவர் எதிரிலேயே பிடுங்கிக் காட்டினார். இப்படி ஒரு விசுவாசி நமக்கு வாய்ப்பாரா?

கே: இந்த ராஜா ராணிகளுக்கும் நமக்கும் அப்போது ஏதாவது தொடர்பு உண்டா? (தூத்துக்குடி)

கொஞ்சம் உண்டு. 1583இல் ரால்ஃப் ஃபிட்ச் என்ற லண்டன் வணிகரும் கூட்டாளிகளும் அக்பருக்கு எலிசபெத் எழுதிய கடிதத்தோடு கிளம்பினார்கள். வழியில் போர்த்துகீசியர் பிடித்துக் கோவாவில் சிறை வைக்க, தப்பித்து ஃபதேபூர் சிக்ரி வரை போனார்கள். ஃபிட்ச் அங்கிருந்து வங்காளம், பர்மா, மலாக்கா சுற்றி, திரும்பும்போது இலங்கையையும் கொச்சியையும் பார்த்துவிட்டு 1591இல் ஊர் போய்ச் சேர்ந்தால், ஆள் செத்துவிட்டார் என்று முடிவு கட்டியிருந்தார்கள். மிளகு எங்கே, யாரிடம், எப்படி என்று அவர் கொண்டுவந்த தகவல் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உதவியது. அந்தக் கம்பெனிக்கு எலிசபெத் சாசனம் கொடுத்தது 1600 டிசம்பர் 31இல். முதல் கப்பல்கள் வந்தது இந்தியாவுக்கு அல்ல, சுமத்ராவின் ஆச்சேவுக்கும் ஜாவாவின் பன்டாமுக்கும். நம்ம மெட்ராஸில் கோட்டைக்கு இடம் வாங்கியது 1639இல், அதற்குள் ட்யூடர் வம்சமே முடிந்து ஸ்டூவர்ட்டுகள் காலம் வந்துவிட்டது.