வாங்கும் முன், தொலைக்கும் முன்: போன், டெப் கேள்வி பதில்

கேள்வி: மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. பாதி வகுப்புகள் ஸூமில்தான். டியூட் (வகுப்புக் குறிப்புத் தாள்) அச்சடித்தே காசு கரைகிறது. எழுதிப் படிக்கக்கூடிய டெப் ஒன்று எடுக்க இருக்கிறோம். புறக்கோட்டைக் கடையொன்றில் டெப்புடன் பேனாவும் இலவசம் என்கிறார்கள். எதைப் பார்த்து எடுப்பது? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: முதலில் பேனாவைப் பாருங்கள், பிறகு டெப்பை. நுனியில் றப்பரோ வட்டமான பிளாஸ்டிக் தட்டோ உள்ள இலவசப் பேனாவைத் திரை விரலாகவே எண்ணிக்கொள்ளும். எழுதும்போது உள்ளங்கை திரையில் பட்டால் அதையும் விரலென்றே எடுத்துக்கொண்டு நடுவில் கோடு இழுக்கும், பக்கத்தைத் தள்ளும். இணைந்த கணிதத்தில் ஒரு தொகையீட்டை மூன்று வரிக்கு இறக்கி எழுத அந்தப் பேனாவால் முடியாது. பணம் கொடுக்கும் முன் கடையிலேயே கையைத் திரையில் ஊன்றி, வழக்கமான அளவில் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத்து விட்டுவிட்டு விழுந்தாலோ கைபட்ட இடத்தில் புள்ளி வந்தாலோ அந்த டெப் வேண்டாம்.

செம்சங் எஸ் பென் மின்காந்த முறையில் இயங்குவது. எழுதுவதற்கு அதில் பெட்டரியே தேவையில்லை, அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடிக்கும். ஆனால் எல்லா செம்சங் டெப்பிலும் அது வேலை செய்யாது. கலக்ஸி டெப் ஏ9 பிளஸ் 11 அங்குலத் திரையுடன் வந்தாலும் எஸ் பென்னை ஏற்காது. டெப் எஸ்6 லைட்டில் பேனா பெட்டிக்குள்ளேயே வரும். பெயரில் உள்ள அந்த ‘ஏ’யையும் ‘எஸ்’ஸையும் கவனிக்காமல் எடுத்துவிட்டுப் பிறகு பேனா தேடி அலைபவர்கள் நிறையப் பேர்.

ஐபேட் என்றால் 2025இல் வந்த 11ஆம் தலைமுறை போதும். சேமிப்பகம் 128 ஜிபியில் தொடங்குகிறது. அப்பிள் பென்சிலைத் தனியாக வாங்க வேண்டும். யூஎஸ்பி-சி பென்சில் விலை குறைந்தது, அழுத்தத்தை உணராது. படம் வரைபவருக்குத்தான் அது குறை, கணக்குக்கு ஒன்றும் ஆகாது. இந்த ஐபேட்டில் கண்ணாடிக்கும் திரைக்கும் இடையே மெல்லிய இடைவெளி இருப்பதால், நுனி படும் இடத்துக்குச் சற்றுக் கீழே மை விழுவது போலத் தெரியும். சில நாளில் கை பழகிவிடும்.

ஏ4 தாளின் மூலைக்கு மூலை அளவு ஏறக்குறைய 14 அங்குலம். 8 அங்குல டெப்பில் கடந்தகால வினாத்தாளைத் திறந்தால் ஒவ்வொரு வரியையும் பெரிதாக்கித்தான் வாசிக்க வேண்டும். ஆகவே 10 அங்குலத்துக்குக் கீழே போக வேண்டாம். 64 ஜிபியில் இயங்குதளமே நல்ல பங்கை எடுத்துவிடும், வகுப்புப் பதிவுகளைச் சேர்க்கத் தொடங்கினால் மாதக்கணக்கில் தாங்காது. சிம் போடும் மாதிரிக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண், போனின் ஹொட்ஸ்பொட் போதும். டியூட்டின் பிடிஎப்பை செம்சங் நோட்ஸுக்குள் இறக்கி அதன் மேலேயே எழுதலாம். ஸூமை ஒரு பாதியிலும் நோட்ஸை மறு பாதியிலும் திறந்து வைக்கும் வசதியும் இருக்கிறது. அச்சுச் செலவு குறைவது இந்த இரண்டாலும்தான்.

கேள்வி: கொள்ளுப்பிட்டியில் பாவித்த ஐபோன் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ‘புதிது மாதிரி’ என்கிறார் கடைக்காரர். எப்படி உறுதிப்படுத்துவது? அன்ட்ரொய்ட் என்றாலும் இதே முறைதானா? (வாசகர், தெமட்டகொட)

பதில்: கடைக்குள் பத்து நிமிடம் செலவழியுங்கள். அவசரப்படுத்தும் கடையில் வாங்காதீர்கள்.

*#06# அழுத்தினால் போனுக்கே உரிய அடையாளமான 15 இலக்க ஐஎம்ஈஐ (IMEI) எண் திரையில் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண். செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் பக்கத்தில் உள்ள எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் அதனுடன் ஒத்துப்போக வேண்டும். பிறகு குறுஞ்செய்தியில் ஐஎம்ஈஐ என்ற நான்கு எழுத்தை ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களையும் எழுதி 1909க்கு அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமிருந்து பதில் வரும். அந்தப் பதிலைப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

அதே அபவுட் பக்கத்தில் கீழே போனால், ஐபோன் 12 முதலான மாதிரிகளில் உதிரிப்பாக வரலாறு இருக்கும். திரை, பெட்டரி, கெமரா ஆகியவற்றில் ஏதாவது மாற்றப்பட்டிருந்தால் அது அசலா, அடையாளம் தெரியாத பாகமா என்று அங்கேயே காட்டும். பெட்டரி ஹெல்த் 80 சதவீதத்துக்குக் கீழே என்றால் புதிய பெட்டரியின் விலையைக் கழித்துக் கேளுங்கள். பெட்டரி மாற்றப்பட்டதாகவும் ஹெல்த் 100 என்றும் காட்டினால் அந்த 100ஐ வைத்துப் போனை மதிக்க வேண்டாம். கெரியர் லொக் வரியில் சிம் கட்டுப்பாடு இல்லை என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெளிநாட்டு நிறுவனத்துக்குப் பூட்டிய போன், இங்குள்ள சிம் ஏறாது. அமெரிக்காவுக்கென்று வந்த ஐபோன் 14 முதலான மாதிரிகளில் சிம் தட்டே கிடையாது, ஈ-சிம் (போனுக்குள்ளேயே பதிந்த சிம்) மட்டும்தான்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது: உங்கள் கண்முன்னே போனை முழுமையாக அழிக்கச் சொல்லுங்கள். மீண்டும் தொடங்கி வைஃபையில் இணைந்த பின் பழைய உரிமையாளரின் அப்பிள் கணக்கைக் கேட்டால் அந்தப் போனை மேசையில் வைத்துவிட்டு வாருங்கள். ‘திறந்து தருகிறோம்’ என்ற வாக்குறுதிக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஒரு நிறுவனம் இந்தப் போனை நிர்வகிக்கிறது என்ற செய்தி வந்தாலும் இதே முடிவுதான்.

அன்ட்ரொய்டிலும் அழித்த பிறகு பழைய கூகுள் கணக்கைக் கேட்கிறதா என்று பாருங்கள். செம்சங்கில் *#0*# அழுத்தினால் சோதனைப் பக்கம் திறக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று திரையை நிரப்பினால் எரிந்த தடமும் இறந்த புள்ளியும் தெரிந்துவிடும். இன்னும் எத்தனை வருடம் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்பதும் விலையில் பாதி. 2024இன் கலக்ஸி எஸ்24க்கு ஏழு வருடம் என்று செம்சங் அறிவித்திருக்கிறது. ஐபோனில் எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் இரண்டும் ஐஓஎஸ் 18உடன் நின்றுவிட்டன, ஐஓஎஸ் 26 ஐபோன் 11 முதல்தான். வங்கிச் செயலி பாவிப்பவர் எக்ஸ்ஆரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்க வேண்டாம்.

கேள்வி: அலுவலகத்திலிருந்து வரும் தமிழ்க் கடிதங்களைப் போனில் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது. போனில் கோளாறா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: போனில் ஒன்றுமில்லை, கடிதம் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டது. பாமினிக் கோப்புக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளே. அவற்றின் மேல் தமிழ் வடிவத்தை வரைவது எழுத்துரு. உங்கள் போனில் அந்த எழுத்துரு இல்லை, ஆகவே உள்ளே இருப்பது அப்படியே வெளியே வருகிறது. அனுப்புபவரிடம் வேர்ட் கோப்பைப் பிடிஎப் ஆகச் சேமித்து அனுப்பச் சொல்லுங்கள், எழுத்துருவும் கூடவே வந்துவிடும். வாசிக்க அது போதும். ஆனால் அதிலிருந்து ஒரு பந்தியைப் பிரதி எடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டினால் மறுபடி அதே குழப்பம்தான்.

நிரந்தர வழி யுனிகோடுக்கு மாற்றுவது. பாமினி–யுனிகோட் மாற்றிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை கட்டாயம் வாசியுங்கள். கடிதத்தில் இருந்த ஆங்கிலப் பெயர்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் அந்த மாற்றி மென்பொருள் தமிழென்று எண்ணிச் சிதைத்துவிடும். பாமினியில் கை பழகியவர்கள் அதை மாற்றிக்கொள்ளவும் தேவையில்லை. கணினியில் இ-கலப்பை என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாமினி விசையமைப்பைத் தெரிவு செய்தால் அதே விரல் பழக்கத்தில் யுனிகோடே விழும். ஒவ்வொரு தமிழ் அலுவலகத்திலும் இது இருக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

கேள்வி: 45 வொட் என்று எழுதிய சார்ஜர் வாங்கியும் என் செம்சங் மெதுவாகவே ஏறுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? (வாசகி, தெஹிவளை)

பதில்: சார்ஜரைத் திருப்பி அதன் பொடி எழுத்தை வாசியுங்கள். செம்சங்கின் சூப்பர் பாஸ்ட் சார்ஜிங்குக்கு, போனின் தேவைக்கேற்ப வோல்ட்டை மாற்றித் தரும் பிபிஎஸ் (PPS) என்ற முறை வேண்டும். செம்சங்கின் சொந்த 25 வொட் சார்ஜரில் 9 வோல்ட், 2.77 அம்பியர் என்ற வரிக்குக் கீழே பிபிஎஸ் என்று போட்டு 3.3 முதல் 11 வோல்ட் வரை என்று தனியாக ஒரு வரி இருக்கும். அந்த வரி இல்லாத சார்ஜரில் 45 அல்ல, 65 வொட் எழுதியிருந்தாலும் போன் சாதாரண வேகத்துக்கே இறங்கும். 45 வொட்டுக்கு வயரும் 5 அம்பியர் வயராக இருக்க வேண்டும். சாதாரண யூஎஸ்பி-சி வயர் 3 அம்பியரோடு நின்றுவிடும். ஒப்போ, வன்பிளஸ் போன்றவற்றின் அதிவேக சார்ஜிங் அவர்களுடைய சொந்த முறை, அந்த சார்ஜரும் வயரும் சேர்ந்தால்தான் அந்த வேகம்.

80 சதவீதத்துக்கு மேல் மெதுவாவது கோளாறு அல்ல. பெட்டரி அதன் உச்ச வோல்ட்டை நெருங்கியதும் மின்னோட்டத்தைக் குறைத்தாக வேண்டும். சூடானாலும் போன் தானாகக் குறைக்கும். பகலில் காரின் முன்கண்ணாடியில் மாட்டி, மேப்பும் ஓடவிட்டு ஏற்றினால் எந்தச் சார்ஜரும் வேகமாக வேலை செய்யாது.

கேள்வி: 7000 எம்ஏஎச் பெட்டரியுடன் மெல்லிய போன்கள் வருகின்றனவே, நம்பலாமா? (வாசகர், மருதானை)

பதில்: எண் உண்மைதான். வழக்கமான லிதியம் பெட்டரியின் எதிர்முனையில் கிரபைட் இருக்கும். அதே எடையில் சிலிக்கன் ஏறத்தாழப் பத்து மடங்கு லிதியத்தைப் பிடிக்கும், ஆனால் ஏறும்போது மூன்று மடங்குக்கு மேல் ஊதும். அதனால் சிலிக்கனைக் கார்பனுடன் கலந்து சிறிய பங்காகச் சேர்க்கிறார்கள். 2023இல் ஹொனர் இதைப் போனுக்குள் கொண்டுவந்தது. பல வருடப் பாவனையின் பின் எப்படி இருக்கும் என்பதைக் காட்டும் அளவுக்கு இவை இன்னும் பழையவை அல்ல. கொம்பனி வொரண்டி உள்ளதை எடுங்கள். பின்பக்கம் சற்றே மேடாகத் தெரிந்தால் ஏற்றுவதை உடனே நிறுத்துங்கள்.

கேள்வி: பஸ்ஸில் போனைப் பறிகொடுத்தவரின் வங்கிக் கணக்கும் காலியான கதையைக் கேட்டோம். முன்கூட்டியே என்ன செய்யலாம்? (வாசகி, பம்பலப்பிட்டி)

பதில்: இன்றே சிம்முக்கு ‘பின்’ (PIN) என்ற இரகசிய எண் போடுங்கள். போன் பூட்டியிருந்தாலும் திருடன் சிம்மைக் கழற்றி வேறொரு போனில் போட்டால் உங்கள் ஓடிபி எல்லாம் அவன் கைக்குப் போகும். பின் போட்ட சிம் வேறு போனில் திறக்காது. மூன்று முறை தவறினால், பூட்டிய சிம்மைத் திறக்கும் பியூகே (PUK) எண் கேட்கும், அதையும் பத்து முறை தவறினால் சிம் செத்துவிடும். ஆகவே முதலில் பியூகே எண்ணைச் சேவை நிறுவனத்திடம் வாங்கி எழுதி வைத்துவிட்டே தொடங்குங்கள்.

அன்ட்ரொய்ட் 10 முதலான போன்களில் செட்டிங்ஸில் கூகுள் பகுதிக்குள் தெப்ட் புரொடெக்ஷன் இருக்கும். கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடும் அசைவை உணர்ந்து திரையைப் பூட்டுவது அதில் ஒன்று. இணையத்தைத் துண்டித்து வைத்தால் பூட்டுவது இன்னொன்று. தானாக இயங்கும் என்று இருந்துவிடாமல் உள்ளே போய் இரண்டும் இயக்கத்தில் உள்ளனவா என்று பாருங்கள். ஐபோனில் ஐஓஎஸ் 17.3 முதல் ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்ஷன் உண்டு. அதை இயக்கினால், பழகிய இடத்துக்கு வெளியே கடவுச்சொல்லை மாற்ற முகத்தைக் காட்ட வேண்டும், ஒரு மணி நேரம் காத்திருந்து மீண்டும் காட்ட வேண்டும். உங்கள் பின் எண்ணை எட்டிப் பார்த்தவனுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய தடை.

பறிபோனால் வேறு போனிலிருந்து முதலில் பூட்டுங்கள், அடுத்து சிம்மை நிறுத்துங்கள், பிறகு வங்கி, பிறகு ஐஎம்ஈஐ எண்ணுடன் பொலிஸ். கணக்கிலிருந்து அந்தப் போனை மட்டும் நீக்கிவிடாதீர்கள், நீக்கினால் பூட்டும் விடுபட்டுவிடும்.

கேள்வி: தெரிந்தவர் பெயரில் வந்த செய்தியை நம்பி அம்மா ஆறு இலக்க எண்ணைச் சொல்லிவிட்டார். வட்ஸ்அப் கைவிட்டுப் போய்விட்டது. திரும்பக் கிடைக்குமா? (வாசகர், வத்தளை)

பதில்: கிடைக்கும். அம்மாவின் போனில் வட்ஸ்அப்பைத் திறந்து அதே இலக்கத்தைப் போட்டு, வரும் புதிய குறியீட்டைக் கொடுங்கள். அந்தக் கணமே மற்றவர் வெளியேற்றப்படுவார். அவர் இரண்டாம் பின் எண் போட்டிருந்தால் நீங்கள் உள்ளே நுழைய ஏழு நாள் காத்திருக்க வேண்டும், ஆனாலும் அவரும் வெளியேதான். குறியீட்டைத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், காத்திருப்பு நேரம் கூடிக்கொண்டே போகும். அதற்கிடையில் உறவினர் எல்லோருக்கும் நேரே அழைத்துச் சொல்லுங்கள், ஏனென்றால் அம்மா பெயரில் அடுத்துக் காசு கேட்பார்கள். உதவிக்கு, இணையப் பாதுகாப்பு அமைப்பான இலங்கை சேர்ட்டின் (CERT) இலக்கம் 101.

உள்ளே வந்ததும் லிங்க்ட் டிவைசஸைத் திறந்து தெரியாத கருவிகளை நீக்குங்கள். அக்கவுண்ட் பகுதியில் டூ-ஸ்டெப் வெரிபிகேஷனில் ஆறு இலக்கப் பின் எண்ணும் மின்னஞ்சலும் கொடுங்கள்.

கேள்வி: காலிமுகத்திடலில் அலை தெறித்து போன் நனைந்தது. சார்ஜர் மாட்டினால் ஈரம் என்று எச்சரிக்கிறது. அரிசிக்குள் போடலாமா? (வாசகர், கொம்பனித்தெரு)

பதில்: வேண்டாம். அரிசித் தூள் துளைக்குள் போய் அடைக்கும், அப்பிளும் கூடாதென்றே சொல்கிறது. துளையைக் கீழே பார்த்துப் பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அரை மணி நேரத்துக்குப் பிறகு ஒருமுறை மாட்டிப் பாருங்கள். முழுதாகக் காய ஒரு நாளும் ஆகலாம். எச்சரிக்கையை ஒதுக்கிவிட்டு ஏற்றினால் உப்பு ஈரத்தினூடே மின்சாரம் பாய்ந்து உள்ளேயுள்ள தொடுபுள்ளிகளை அரிக்கும். அவசரமென்றால் பின்புறத்தைத் துடைத்துவிட்டு வயரில்லாத சார்ஜரில் வையுங்கள். தூசு, நீர்த் தடுப்புத் தரமான ஐபி68 என்பது நன்னீரில் செய்த சோதனை, கடல்நீருக்கு அது உத்தரவாதம் அல்ல. மடிக்கும் போன் வைத்திருப்பவர்கள் மணலையும் பார்க்க வேண்டும். 2025இன் செம்சங் இஸட் போல்ட்7க்குக்கூட ஐபி48தான். அந்த 4, ஒரு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட துகளை மட்டுமே தடுக்கும், கடற்கரை மணல் பெரும்பாலும் அதைவிடச் சிறியது.