பட்டியல் மென்பொருள்: உள்ளே போகும்முன் வெளியே வரும் வழி

வீட்டில் 900 புத்தகங்கள் இருக்கின்றன. எந்த மென்பொருள் நல்லது?

முதலில் 20 புத்தகத்தை மட்டும் ஏற்றுங்கள். பிறகு அதை சிஎஸ்வி கோப்பாக (எந்த விரிதாளும் திறக்கும் எளிய எழுத்துக் கோப்பு) வெளியே எடுத்துப் பாருங்கள். நீங்கள் எழுதிய குறிப்பு, அலமாரி எண் எல்லாம் கூடவே வந்தால் மீதி 880-ஐ ஏற்றலாம். வராவிட்டால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். மேக் கணினியில் டெலிஷியஸ் லைப்ரரி ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது; 2024-ல் கடையைக் கட்டிவிட்டார்கள். இணையத்தில் வைக்க லைப்ரரிதிங், லினக்ஸ் கணினியிலேயே வைக்க டெல்லிகோ, இரண்டையும் பாருங்கள்.

பார்கோடை ஸ்கேன் செய்தால் பாதிப் புத்தகம் சிக்குவதே இல்லையே?

பார்கோடில் இருப்பது ஐஎஸ்பிஎன் என்ற புத்தக எண். அது சர்வதேசத் தரமானது 1970-ல்தான். அதற்கு முந்தைய பதிப்புகளில் பெரும்பாலும் எண்ணே இருக்காது. தமிழ்ப் புத்தகங்களில் எண் இருந்தும் விவரம் கிடைக்காதவை ஏராளம். கையால் அடிக்க வேண்டியதுதான். அடிக்கும்போது ஒன்று: எழுத்தாளர் பெயரின் தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளி, இடைவெளி விடுவதா வேண்டாமா என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். என் பட்டியலில் ஒரே எழுத்தாளர் மூன்று பேராகப் பிரிந்து கிடந்தார்.

எக்செல் போதாதா, சார்?

தாராளமாகப் போதும். ஆனால் ஐஎஸ்பிஎன் நெடுவரிசையை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 13 இலக்க எண் சுருங்கித் தெரியும். அப்படியே சிஎஸ்வி-யாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். பழைய 10 இலக்க எண்ணில் முன்னால் இருக்கும் பூஜ்யமும் காணாமல் போகும். இன்னொன்று, சிஎஸ்வி-யை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழ் எழுத்து கோழி கிறுக்கியதுபோல வரலாம். பதறிப்போய் சேமித்துவிடாதீர்கள். மூடிவிட்டு, ‘டேட்டா’ பகுதி வழியாக யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டைத் தேர்ந்து உள்ளே கொண்டுவாருங்கள், சரியாகிவிடும்.

காப்பீட்டுக்காக வீட்டுச் சாமான்களைப் பதிய வேண்டும்.

ஹோம்பாக்ஸ் நல்லது, இலவசம். ஆனால் சர்வரில் நிறுவி நீங்களே பராமரிக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லையென்றால் விரிதாளே போதும். பொருளின் பின்புறச் சீரியல் எண்ணையும் ரசீதையும் இன்றே படம் எடுங்கள். வெப்பத்தாள் ரசீது சீக்கிரம் வெளுத்துவிடும். பிரதி ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். தீப்பிடித்தால் பட்டியலும் சேர்ந்துதானே எரியும்?

இரவல் கொடுத்ததைக் குறிக்க வழி உண்டா?

டெல்லிகோவில் உண்டு. யாரிடம், எப்போது என்று காட்டும். வாங்கிக்கொண்டு வருவது உங்கள் சாமர்த்தியம்.