காது கேளாதவர்களுக்குத் தனி ஒலிம்பிக்ஸ் எதற்கு? ஓடுவதற்குக் கால்தானே வேண்டும்?

இங்கே ஒருவர் கேட்டிருந்த இந்தக் கேள்வியைக் கடந்துபோக முடியவில்லை. "ஓடக் கால் போதும் சார், காது எதுக்கு?" என்று என் தம்பியின் பி.டி. மாஸ்டரும் அப்பாவிடம் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். கேட்ட நீங்களும் வீட்டில் காது கேளாத ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, எங்கே சேர்ப்பது என்று தெரியாமல்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

தம்பிக்குப் பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது. எட்டாவது வரை எல்லாப் பிள்ளைகளோடும்தான் படித்தான். அந்த வருடம் நூறு மீட்டர் போட்டியில் நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். மற்ற பையன்கள் தரையைப் பார்த்துக் குனிந்திருக்க, இவன் மட்டும் கழுத்தைத் திருப்பிப் பக்கத்துப் பையனின் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தான். அது எழும்பினால்தான் துப்பாக்கி வெடித்தது இவனுக்குத் தெரியும். அந்தப் பையன் சும்மா காலை அசைத்தான். தம்பி கிளம்பிவிட்டான். விசில் ஊதினார்கள், கத்தினார்கள். நூறு மீட்டரையும் தனியாக ஓடி முடித்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தான். மைதானமே சிரித்தது. அதற்குப் பிறகு மூன்று வருடம் ஷூவைத் தொடவில்லை.

காது கேளாதோர் போட்டிகளில் துப்பாக்கிக்குப் பதில் விளக்கு எரியும். கால்பந்து நடுவர் கொடியை ஆட்டுவார். அவ்வளவு சின்ன மாற்றம்தான். ஆனால் அதற்காக மட்டும் தனிப் போட்டி உருவாகவில்லை.

1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சு வழியாகத்தான் பாடம் நடத்த வேண்டும் என்று முடிவெடுத்தது. அதன்பின் பல நாட்டுப் பள்ளிகளில் சைகை மொழி ஒடுக்கப்பட்டது. வகுப்பில் கையைக் கட்டிப்போட்டார்கள் என்றால், சங்கத்திலும் மைதானத்திலும் அந்தக் கை பேசியது. காது கேளாத பிரெஞ்சுக்காரரான யூஜின் ரூபன்ஸ் அல்கேயின் முயற்சியால், 1924 ஆகஸ்டில் பாரிஸில் காது கேளாதோருக்கான முதல் உலகப் போட்டி நடந்தது; அதுதான் இன்றைய டெஃப்லிம்பிக்ஸ். 9 நாடுகள், 148 வீரர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் பாராலிம்பிக்ஸ் ரோமில் நடந்ததே 1960இல்தான். அப்படியிருக்க, டெஃப்லிம்பிக்ஸைப் பாராலிம்பிக்ஸிலிருந்து 'பிரிந்து போனது' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. இடையில் பாராலிம்பிக் குழுவில் சேர்ந்திருந்து 1995இல் வெளியேறியது உண்மை. ஆனால் அது பிறந்ததே தனி வீட்டில்.

தம்பியைப் பதினேழு வயதில் ஒரு மாநிலப் போட்டிக்கு அழைத்துப் போனேன். ஓட்டத்தில் நான்காவதாக வந்தான். அதைவிட எனக்கு நினைவிருப்பது அன்றைய ராத்திரி. போட்டி முடிந்தும் யாரும் கிளம்பவில்லை. சைகைக்கு வெளிச்சம் வேண்டுமே, மைதானத்து வாசலில் இருந்த ஒரே விளக்குக் கம்பத்தின் கீழே நாற்பது, ஐம்பது பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வேலை, கல்யாணம், ஊர்ச்செய்தி எல்லாம். தம்பியின் புருவத்துத் தழும்பைப் பார்த்து ஒரு பெரியவர் அவனுக்கு ஒரு சைகைப் பெயர், அதாவது கையால் காட்டிக் கூப்பிடும் பெயர், வைத்தார். வீட்டில் நாங்கள் பதினேழு வருடமாக அவன் தோளைத் தட்டித்தான் கூப்பிட்டோம். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டோம்.

நீ காது கேட்பவன், உனக்கென்ன தெரியும் என்று சிலர் வருவீர்கள். சரிதான். தம்பியிடம் காட்டி, அவன் சரி என்ற பிறகுதான் பதிவிடுகிறேன். பொதுப்போட்டிக்கே போகக்கூடாது என்றும் சொல்லவில்லை. முடிந்தவர்கள் இரண்டிலும் ஆடட்டும்.

     

சரி, உங்கள் பிள்ளை விஷயம். நன்றாகக் கேட்கும் காதிலேயே குறைந்தது 55 டெசிபல் (சத்தத்தின் அளவு) கேட்கும் திறன் இழப்பு இருந்தால் டெஃப்லிம்பிக்ஸுக்குத் தகுதி உண்டு. ஆடும்போது காது மிஷினைக் கழற்றிவிட வேண்டும். மதுரைப் பெண் ஜெர்லின் அனிகா 2022இல் பிரேசிலில் பாட்மின்டனில் 3 தங்கம் வாங்கியது இந்தப் போட்டியில்தான். ஆடியோகிராமை (கேட்கும் திறனைச் சோதித்த அறிக்கை) எடுத்துக்கொண்டு மாநிலக் காது கேளாதோர் விளையாட்டு அமைப்பைப் பாருங்கள். முதல் போட்டிக்குப் போகும்போது, திரும்பிவர அன்றைக்கே பஸ் டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.