மல்பெரிக்காரர்கள் கோமோ போனால்

கேள்வி: என் மகள் இத்தாலியில், மிலானில் படிக்கிறாள். மே மாதம் நானும் வீட்டுக்காரரும் மாமியாரும் போகிறோம், அதில் ஒரு நாள் கோமோ ஏரிக்கு. படகிலேயே நாலைந்து ஊர் பார்த்துவிடலாம் என்கிறாள் மகள். மாமியாருக்கு முழங்கால் வலி. நாங்கள் மல்பெரி போட்டிருப்பவர்கள், வெளிநாடு இதுதான் முதல் தடவை. எதைப் பார்ப்பது?
- குப்பத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: மல்பெரி போட்டிருக்கிறோம் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள் அக்கா, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நானும் வேப்பனப்பள்ளிக்காரன்தான், மல்பெரி இலை போட்டுப் பட்டுப்புழு வளர்த்த வீட்டில் பிறந்தவன். கோமோ ஒரு பட்டு ஊர். அதனால் நாலைந்து ஊர் வேண்டாம், கோமோ ஒன்றே போதும். மெதுவாகப் போகும் படகில் பெல்லாஜியோ என்ற ஏரிக்கரை ஊருக்குப் போய்ச்சேரவே இரண்டு மணி நேரம் ஆகும், திரும்பி வர இன்னொரு இரண்டு, பாதி நாள் அதிலேயே போய்விடும்.

மிலானிலிருந்து இரண்டு ரயில் வழி இருக்கிறது. சென்ட்ரல் நிலையத்திலிருந்து போனால் 40 நிமிடம்தான், ஆனால் இறங்கும் நிலையம் ஏரியிலிருந்து கொஞ்சம் தள்ளி மேட்டில் இருக்கிறது. கதோர்னா நிலையத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆனாலும் ரயில் ஏரிக்கரையிலேயே கொண்டுபோய் விடும். மாமியாருக்காக இதில் போங்கள். காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் மெஷினில் முத்திரை குத்த மறக்காதீர்கள்.

முதலில் பட்டு அருங்காட்சியகம், என்றைக்குத் திறந்திருக்கும் என்று மகளை முன்கூட்டியே பார்த்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு காலத்தில் அந்தப் பக்கத்துக் குடியானவர்களும் வீட்டுக்குள்ளேதான் புழு வளர்த்தார்கள், முட்டை பொரியச் சூடு வேண்டுமே, அதற்காகப் பெண்கள் முட்டையைத் துணிப்பையில் போட்டு நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொள்வார்களாம். அப்புறம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பெப்ரின் நோய் வந்து புழுக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. நல்ல முட்டை தேடி 1860களில் இத்தாலிய வியாபாரிகள் ஜப்பான் வரை கப்பலேறினார்கள். பிரான்சில் லூயி பாஸ்டர் தாய் அந்துப்பூச்சியை அரைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நோயில்லாத பூச்சியின் முட்டையை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழியைக் கொண்டுவந்தார். இன்றைக்கு நீங்கள் வாங்கும் முட்டைத் தொகுதியும் அந்தச் சோதனையைத் தாண்டி வருவதுதான். அருங்காட்சியகத்தில் நூல் முறுக்கும் பெரிய வட்டமான மர இயந்திரம் ஒன்று நிற்கிறது, அதன் பக்கத்தில் மாமியாரை நிறுத்தி ஒரு போட்டோ எடுங்கள்.

இப்போது கோமோவுக்கு நூல் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. சாயம், அச்சு, டிசைன், இதுதான் அந்த ஊரின் வேலை. கடையில் ஸ்கார்ஃப் வாங்கினால் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள், விரலால் சுருட்டிக் கையால் தைத்தது உருண்டு மெத்தென்று இருக்கும், மெஷின் தையல் தட்டையாகப் படிந்திருக்கும்.

சரி, ஊர். பேராலயத்தை 1396இல் கட்டத் தொடங்கினார்கள், முடிய மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஆனது. முன்வாசலின் இரு பக்கமும் உட்கார்ந்திருப்பவர்கள் புனிதர்கள் இல்லை, மூத்த பிளினியும் இளைய பிளினியும், இருவரும் கிறிஸ்தவர்களே அல்லாத பழைய ரோமானிய எழுத்தாளர்கள். சொந்த ஊர்க்காரர்கள் என்பதற்காகக் கோயில் முகப்பிலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள், எனக்கு அது ரொம்பப் பிடித்தது. பேட்டரி கண்டுபிடித்த வோல்டாவும் இந்த ஊர்தான், கரையோரம் அவருக்கு ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது.

சாயங்காலம், மலை மேல் இருக்கும் புருனாத்தே ஊருக்குக் கம்பி வடம் இழுத்துக்கொண்டு போகும் ரயில், 1894இலிருந்து ஓடுகிறது. ஏழு நிமிடத்தில் மலை மேல். முழங்காலுக்கு வேலையே இல்லை.

கேள்வி: சுத்த சைவம். அந்தப் பக்கம் என்ன சாப்பிடலாம்?
- பலமநேரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: பொலெந்தா கேளுங்கள். மக்காச்சோள மாவைக் கொதிக்கும் நீரில் போட்டுக் கிளறுவது, நம் ராகிக் களிக்குத் தம்பி மாதிரி. ஏரிக்கரையில் கருவாட்டோடும் வைப்பார்கள், மீன் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிரானா பதானோ போன்ற சீஸ்களில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்ததைச் சேர்ப்பதால் சுத்த சைவக்காரர்கள் தவிர்ப்பார்கள். அந்தச் சீஸ் ரிசோத்தோ என்ற அரிசிச் சாப்பாட்டிலும் கலந்திருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். சீஸ் போடாத தக்காளி பீட்சாவுக்கு மரினாரா என்று பெயர், பயமில்லாமல் சாப்பிடலாம்.