வெயிட்டான லென்ஸ், லேசான மவுண்ட்: உங்க கேள்விகளுக்கு என் பதில்

லென்ஸ் சப்போர்ட், அதாவது கனமான லென்ஸ அடியில இருந்து தாங்கற பிராக்கெட், அத பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க, பாதிக்கு மேல ஒரே மாதிரி கேள்விங்கறதால சேர்த்து சேர்த்து பதில் சொல்றேன்.

எத்தனை கிலோவுக்கு மேல போனா சப்போர்ட் கட்டாயம்?

கிலோவ மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. மவுண்ட்ட (கேமராவுல லென்ஸ பூட்டற இடம்) வளைக்கறது எடையும் தூரமும் சேர்ந்துதான். ஒரே ரெண்டு கிலோ, மவுண்ட்டுல இருந்து 5 சென்டிமீட்டர்ல இருந்தா ஒரு கதை, 15 சென்டிமீட்டர் முன்னாடி தொங்குனா மூணு மடங்கு இழுக்கும். அதனால குட்டையான கனமான பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ விட நீளமான ஜூம்தான் வம்பு. ஃபுஜினான் எம்கே 18-55 ஒரு கிலோ கூட இல்ல, அதுக்கு பெருசா பயப்பட வேண்டியதில்ல. அதே கம்பெனியோட கேப்ரியோ 19-90 ரெண்டரை கிலோவ தாண்டுது, அதுக்கு நான் சப்போர்ட் இல்லாம கேமராவையே தூக்க விடமாட்டேன். ஆஞ்சனியூ ஆப்டிமோ 24-290 எல்லாம் 11 கிலோ, அதுல கேள்விக்கே இடமில்ல.

இன்னொன்னு, ஃபாலோ ஃபோகஸ் மோட்டார் (ஃபோகஸ் ரிங்க கியர் வச்சு சுத்தறது) மாட்டுனா லேசான லென்ஸுக்கும் சப்போர்ட் நல்லது. மோட்டார் கியர் பக்கவாட்டுல தள்ளும்போது ஃபிரேம் லேசா குதிக்கும், ஷூட்டிங்ல யாரும் கவனிக்க மாட்டாங்க, எடிட்ல பெரிய ஸ்கிரீன்ல பாக்கறப்பதான் தெரியும்.

சப்போர்ட் போட்டுத்தான் இருக்கேன், ஆனாலும் ஃபிரேம்ல மேல ஷார்ப்பா, கீழ சாஃப்ட்டா வருது. லென்ஸ் போச்சா?

லென்ஸ சர்வீஸுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி சப்போர்ட்ட லூஸ் பண்ணிப் பாருங்க, பத்துல எட்டு தடவை குத்தவாளி அதுதான். கனமா இருக்கேன்னு எல்லாரும் ஸ்க்ரூவ மேல மேல முறுக்கிடறாங்க, அப்ப லென்ஸ் கீழ தொங்கறதுக்கு பதிலா மேல நெம்புது, மவுண்ட்டுக்கு ரெண்டும் ஒரே கொடுமைதான். லென்ஸ் சென்சாருக்கு நேரா உக்காராம ஒரு நூலளவு சாஞ்சாலும் ஒரு பக்கம் ஃபோகஸ் போயிடும்.

நான் பண்றது இப்படி. சப்போர்ட்ட நல்லா கீழ இறக்கிட்டு, லென்ஸ கையால தாங்கிப் பிடிச்சே மவுண்ட்ல பூட்டணும், பூட்டுனதுக்கு அப்புறமும் கைய எடுக்கக்கூடாது. ஜூம ஃபுல்லா டைட் வச்சு தூரத்துல ஒரு சார்ட்டையோ ஜன்னல் ஓரத்தையோ மானிட்டர்ல கிராஸ்ஹேர் (நடுவுல தெரியற கூட்டல் குறி) மேல கொண்டு வாங்க. இப்ப சப்போர்ட்ட மெல்ல ஏத்துங்க, லென்ஸ தொட்ட உடனே நிறுத்திட்டு லாக் பண்ணுங்க. லாக் பண்ணும்போது அந்த ஓரம் கிராஸ்ஹேர விட்டு நகந்துச்சுன்னா அதிகமா தூக்கிட்டீங்கன்னு அர்த்தம், திரும்ப இறக்கி ஆரம்பிங்க. கைய எடுத்த அப்புறமும் அது நகரக்கூடாது. ஒருத்தர் மானிட்டர பாக்க ஒருத்தர் ஸ்க்ரூவ திருப்புனா ரெண்டு நிமிஷ வேலை, ஆனா அவசரத்துல முதல்ல வெட்டுப்படறதும் இதுதான்.

சப்போர்ட் எந்த இடத்துல தொடுதுன்னும் பாருங்க, சுத்தற ரிங் மேலயோ வெளிய நீளற பேரல் மேலயோ இருந்தா ஃபோகஸ் இறுகும். லென்ஸ்லயே ஸ்க்ரூ ஓட்டை குடுத்திருந்தா அத விட்டுட்டு வேற இடம் தேடாதீங்க.

ஈ மவுண்ட் (சோனியோடது) கேமரால அடாப்டர் போட்டு பிஎல் (சினிமா கேமரா மவுண்ட்) லென்ஸ் மாட்டலாமா?

தாராளமா. ஈ மவுண்ட்ல மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் தூரம் 18 மில்லிமீட்டர், பிஎல்ல 52, மீதி 34ஐ அடாப்டர் நிரப்புது. ஆனா இப்ப ஆடறதுக்கு ரெண்டு ஜாயிண்ட் ஆச்சு, எடையும் இன்னும் முன்னாடி போச்சு. அடியில கால் இருக்கற அடாப்டரா வாங்கி அத கேமராவுக்கு அடியில முன்னாடி நீளற ராடோட பிடிச்சிடுங்க, லென்ஸுக்கு தனி சப்போர்ட்டும் வேணும். சோனி எஃப்எக்ஸ்9 கேமரா மாதிரி லீவர திருப்பி இறுக்கற லாக் மவுண்ட் இருந்தா ஆட்டம் குறையும், அதுக்காக சப்போர்ட்ட விட்டுடாதீங்க.

15 எம்எம் ராடா, 19ஆ?

கையில, தோள்ல வச்சு ஷூட் பண்ணா 60 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள 15 எம்எம் லைட்வெயிட் போதும். பெரிய ஜூம், ட்ரைபாட்னா 19, அதோட இடைவெளி 104 மில்லிமீட்டர். ரெண்டுக்கும் பிராக்கெட் மாறி வாங்கிட்டு முழிக்கறவங்க நிறைய. அப்புறம் ராட் தேவைக்கு மேல நீளமா இருந்தா அதுவே வளையும்.

டெலி லென்ஸோட கால (ட்ரைபாட்ல மாட்ட அடியில இருக்கற பாகம்), கேமரா ரெண்டையும் ஒரே பிளேட்ல ஸ்க்ரூ பண்ணலாமா?

பண்ணலாம், ஆனா ரெண்டையும் இறுக்குனா ஒன்னு இன்னொன்ன முறுக்கும். கனமானத முதல்ல இறுக்குங்க, மத்தது உயரம் மாத்தற மாதிரி இருக்கணும். பாடி லேசான மிரர்லெஸ்னா லென்ஸ் கால்ல மட்டும் மாட்டி பாடிய சும்மா விட்டுடறதே மேல்.

லொகேஷன் மாறும்போது கழட்டணுமா?

வண்டியில போனா கழட்டுங்க, குலுங்கற நேரத்துலதான் மவுண்ட் ஸ்க்ரூ லூஸ் ஆகுது. பக்கத்துல நடந்து போறதுன்னா ஒரு கை லென்ஸுக்கு அடியில இருக்கட்டும், மேல் ஹேண்டில மட்டும் பிடிச்சு தூக்காதீங்க.

ஸ்டேடியத்துல பயன்படுத்தற பெட்டி மாதிரி பெரிய பாக்ஸ் லென்ஸ சின்ன ஈஎன்ஜி (செய்திக்கு தோள்ல வச்சு எடுக்கற) கேமரால மாட்ட முடியுமா?

முடியும், ஆனா அங்க எல்லாமே தலைகீழ். லென்ஸ் மட்டுமே 20 கிலோவ தாண்டும், அதனால ட்ரைபாட் ஹெட் மேல சப்போர்ட்டர் ஃபிரேம், அதுல லென்ஸ், கடைசியாத்தான் கேமரா பின்னாடி இருந்து வந்து சேரும். கேமராவோட உயரத்த சரி பண்ணி பி4 மவுண்ட்டுக்கு (டிவி கேமராக்களோட மவுண்ட்) நேரா கொண்டு வரணும், சேரலன்னா அழுத்தாதீங்க, உயரம்தான் தப்பா இருக்கும். கழட்டறப்ப முதல்ல கேமரா, அப்புறம்தான் லென்ஸ்.