ஒரே டிரெய்னிங் குடுத்தும் ஆளுக்கு ஒரு மாதிரி வேலை செய்யறாங்களே, ஏன்?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்துல மாம்பழக்கூழ் ஃபேக்டரில சூப்பர்வைசரா இருக்கேன். சீசனுக்குப் புதுசா வந்தவங்களுக்கு பழம் பிரிக்கிற வேலை, எல்லாருக்கும் ஒரே டிரெய்னிங்தான் குடுத்தேன். ஒரு பையன் ரெண்டே நாள்ல கத்துகிட்டான், இப்ப என்னடான்னா கவனமே இல்ல, போனும் கையுமா நிக்கறான். ஒரு அம்மா ரெண்டு வாரம் ஆகியும் காயையும் அழுகலையும் விட்டுடறாங்க, சந்தேகமும் கேக்க மாட்டேங்கறாங்க. திட்டினா மறுநாள் சரியா செய்யறாங்க, பாராட்டினா கெடுத்துடறாங்க. முதலாளி ஆளை மாத்துங்கறாரு. என்ன பண்றது சார்?

பதில்: தம்பி, முதலாளிகிட்ட ஒரு வாரம் டைம் வாங்குங்க, அதுக்குள்ள செய்ய வேண்டியது இருக்கு.

உங்க கேள்வியிலயே எனக்கு முக்கியமா பட்டது "திட்டினா மறுநாள் சரியா செய்யறாங்க"ன்னு எழுதினது. 2002ல பொருளாதார நோபல் வாங்கின டேனியல் கானமன் ஒரு காலத்துல இஸ்ரேல் விமானப்படை பயிற்சியாளர்களுக்கு கிளாஸ் எடுத்தாரு, அவங்களும் இதையேதான் சொன்னாங்க, நல்லா ஓட்டினவனைப் பாராட்டினா அடுத்த தடவை சொதப்பறான், மோசமா ஓட்டினவனைத் திட்டினா அடுத்த தடவை நல்லா ஓட்டறான்னு. கானமன் அதுல கவனிச்சது என்னன்னா, யாருக்கும் எல்லா நாளும் ஒண்ணா இருக்காது, ரொம்ப மோசமான நாளுக்கு அடுத்த நாள் பெரும்பாலும் வழக்கமான நாளாத்தான் இருக்கும், திட்டினாலும் திட்டாட்டியும். உங்க லைன்லயும் பாருங்க, ஒரு நாள் லோடே சரியா பழுக்காம வந்திருக்கும், இல்ல வீட்ல குழந்தைக்கு காய்ச்சல்னு அந்தம்மா ராத்திரி தூங்கியிருக்க மாட்டாங்க, அன்னைக்கு தப்பு ஜாஸ்தி, நீங்க திட்டறீங்க, மறுநாள் லோடும் நல்லா வருது, தூக்கமும் வந்துடுது, தப்பு குறையுது, பேரு மட்டும் திட்டுக்குப் போகுது. பாராட்டினதுக்கும் இதே கதைதான். இப்படி வருஷக்கணக்கா நடக்கும்போது சூப்பர்வைசருக்கு திட்டறதுதான் வழின்னு மனசுல பதிஞ்சுடும், இதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல, கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்.

ஆனா திட்டு நிஜமாவே ஒண்ணை கத்துக்குடுக்குது. ஒரு செயலுக்குப் பின்னாடி என்ன கிடைக்குதோ அதைப் பொறுத்துதான் அந்தச் செயல் கூடும், குறையும், தார்ன்டைக், ஸ்கின்னர்ங்கற உளவியல் ஆய்வாளர்கள் காலம் பூரா காட்டினது இதைத்தான். அந்தம்மா மொத ரெண்டு மூணு நாள் "இது காயா பழமா சார்"னு கேட்டாங்களா, அப்ப என்ன பதில் கிடைச்சுதுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. "இதுகூடவா தெரியல"ன்னு ஒரு வார்த்தை வந்திருந்தா போதும். கேட்டா எல்லார் முன்னாடியும் அவமானம், கேக்காம பெல்ட்ல விட்டா அந்த நிமிஷம் யாருக்கும் தெரியாது, அப்ப அவங்க கேக்காம இருக்கக் கத்துகிட்டாங்க, அவங்க பயந்த சுபாவம்னு நாம பேர் வெச்சுடறோம்.

அடுத்தது கத்துக்குடுத்த விதம். பெங்களூரா ரக மாம்பழத்துல தோல் நிறத்தை மட்டும் நம்ப முடியாது, விரலால அமுக்கிப் பாக்கணும், காம்புகிட்ட மோந்து பாக்கணும், அழுகலும் பாதிக்கு அங்கதான் ஆரம்பிக்கும். இதை அரை மணி நேரம் நின்னு பேசினா யாருக்கு வரும்? அந்தப் பையனுக்கு சீக்கிரம் வந்துச்சு, எல்லாருக்கும் வராது. சிலர் "இவங்க பாத்து கத்துக்கற டைப், அவங்க கேட்டு கத்துக்கற டைப்"னு பிரிப்பாங்க, அதுக்குப் போதுமான ஆதாரம் இல்லைன்னு 2008லயே பாஷ்லர்ங்கற உளவியல் ஆய்வாளரோட குழு அலசி எழுதிட்டாங்க, அதுல நேரம் போக்காதீங்க. தொட்டுப் பாக்கற வேலையை தொட வெச்சுத்தான் கத்துக்குடுக்கணும், யாரா இருந்தாலும்.

ரெண்டாம் உலகப்போர் நேரத்துல அமெரிக்கால ஃபேக்டரி பூரா வேலையே தெரியாத புது ஆளுங்க, அப்ப சூப்பர்வைசர்களுக்கு நாலு படி சொல்லிக்குடுத்தாங்க: பயத்தைப் போக்கி தயார் பண்ணு, செஞ்சு காட்டு, அவங்களை செய்ய விட்டு ஏன் அப்படி செய்யறேன்னு அவங்க வாயாலயே சொல்ல வை, அப்புறம் அடிக்கடி போய்ப் பாரு. நீங்க செய்ய வேண்டியதும் அதுதான். காய், பழம், அளவு மீறிப் பழுத்தது, காம்பழுகல்னு தினமும் காலைல அஞ்சாறு நிஜப் பழத்தை ஒரு டிரேல வெச்சு அந்தம்மா கையில குடுத்து பிரிக்கச் சொல்லுங்க. அவங்க விட்ட பழத்தை அரை மணிக்கொரு தடவை அடுத்த டேபிள்ல புடிச்சு உடனே அவங்ககிட்ட காட்டுங்க. சாயந்திரம் லேப்ல இருந்து ரிப்போர்ட் வந்ததும் கத்தினா எந்தப் பழத்துக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? சொல்லும்போது பழத்தைப் பத்தி மட்டும் பேசுங்க, ஆளைப் பத்தி வேணாம். க்ளூகர், டிநிசின்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1996ல பழைய ஆய்வுகளை எல்லாம் சேத்துப் பாத்தாங்க, நிறை குறை சொன்னதுல மூணுல ஒரு பங்குக்கு மேல வேலை இன்னும் மோசமாச்சு, கவனம் வேலையை விட்டு "என்னைப் பத்தி என்ன நினைக்கறாங்க"ங்கறதுக்குப் போயிட்டா அப்படி ஆகுதுங்கறது அவங்க விளக்கம்.

கூடவே ரெண்டு விஷயம் விசாரிங்க. நாப்பது தாண்டினவங்களா இருந்தா கிட்டத்துப் பார்வை மங்கியிருக்கலாம், ஜிஎச்ல ஒரு தடவை கண் டெஸ்ட் பண்ணிட்டு வரச் சொல்லுங்க. வேப்பனஹள்ளி, ஓசூர் பக்கத்துல இருந்து வந்தவங்களா இருந்தா வீட்ல தெலுங்கோ கன்னடமோ பேசறவங்களா இருக்கலாம், நீங்க தமிழ்ல வேகமா சொன்னது பாதிதான் போயிருக்கும். இதை எல்லாம் பாக்காம மந்தம்னு முத்திரை குத்தறது பெரிய அநியாயம், அந்தம்மாவுக்கு இந்த சீசன் சம்பளம்தான் ஜூன் மாசம் ஸ்கூல் செலவு.

பையன் விஷயம் வேற. சீக்கிரம் கத்துக்கறது ஒரு திறமை, தினமும் ஒரே வேலையை ஒழுங்கா செய்யறது வேற குணம், ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கணும்னு இல்ல. பேரிக், மவுன்ட்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1991ல வெளியிட்ட ஆய்வுல, எந்த வகை வேலையா இருந்தாலும் செயல்திறனோட ஒத்துப்போன குணம் இந்தப் பொறுப்புணர்ச்சிதான்னு வந்துச்சு. அந்தக் குணத்தை நீங்க ஒரு வாரத்துல மாத்த முடியாது, வேலையை மாத்தலாம். கூழ்ல சர்க்கரை அளவு காட்டற பிரிக்ஸ் மீட்டர்ல ரீடிங் எடுத்து எழுதற வேலையை பாதி நாள் குடுத்துப் பாருங்க, சலிப்பு குறையும். அதுக்கு முன்னாடி, லைன்ல சீனியர் யாராவது போன் பாக்கறாங்களான்னு பாருங்க, நீங்களும் பாக்கறீங்களான்னு பாருங்க. பண்டூராங்கற உளவியல் ஆய்வாளர் 1961ல குழந்தைகளை வெச்சு காட்டினாரு, யாரும் சொல்லிக்குடுக்காமலே பெரியவங்க செய்யறதைப் பாத்தே அப்படியே செய்யறாங்கன்னு. பெரியவங்களும் அப்படித்தான், போர்டுல எழுதின ரூலை விட சீனியர் அண்ணன் செய்யறதுதான் புது ஆளுக்கு ரூல். அதனால போன் எல்லாருமே லாக்கர்ல வெக்கணும், உங்களோடதும் சேத்து.

முதலாளிகிட்ட சொல்லுங்க, நடு சீசன்ல புது ஆள் எடுத்தா அவங்களும் மொதல்ல இருந்துதான் ஆரம்பிக்கணும், ரெண்டு வாரம் பழகினவங்களை அனுப்பறது நமக்குத்தான் நஷ்டம். இன்னைல இருந்து அந்தம்மா ஒரு மணி நேரத்துல எத்தனை தப்புப் பழம் விடறாங்கன்னு நோட்ல எழுதுங்க, ஒரு நாள் கணக்கைப் பாக்காம வாரக் கணக்கைப் பாருங்க. குறைஞ்சுகிட்டே வந்தா அவங்களை அதே வேலையிலயே விட்டுடுங்க. குறையவே இல்லைன்னா பழப் பெட்டி கழுவற இடத்துக்கோ பேக்கிங்குக்கோ மாத்துங்க, வீட்டுக்கு அனுப்ப வேணாம்.